ஷீனாவின் பெயரில் ஓடிய பட்டியல்

ஏற்காட்டில் கம்ப்யூட்டரைப் பராமரிப்பது என்றால் முதல் வேலை துடைப்பதுதான். ஜூன் பிறந்துவிட்டால் ஜன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் பனிமூட்டம் உள்ளே வந்துவிடும். கீபோர்டில் விரலை வைத்தால் ஈரம் ஒட்டும். பத்தொன்பது வருடமாகக் காலை எட்டே காலுக்கு வந்து, பழைய வேட்டித் துணியால் ஆபீசில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரையும் துடைத்துவிட்டுத்தான் என் இடத்தில் உட்காருவேன். அதைச் செய்யச் சொல்லி யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை, நானாகத்தான் செய்து வந்தேன்.

ராஜேஸ்வரி அம்மா, விசாரணைக் குழுத் தலைவர் என்ற முறையில் நீங்கள் வரும் சனிக்கிழமை அறிக்கையில் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். மாரமங்கலத்துக் கவிதா இறந்ததற்குக் காரணம் நம் மருத்துவமனையில் முன்பு வேலை பார்த்த நர்ஸ் ஷீனாவின் அலட்சியம் என்று அதில் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த அறிக்கை நர்சிங் கவுன்சிலுக்குப் போகும், போலீசுக்கும் ஒரு நகல் போகும். இருபத்தேழு வயதுப் பெண் இனி எந்த மருத்துவமனை வாசலையும் மிதிக்க முடியாது. என்னை இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தீர்கள். இரண்டு முறையும் டீ வரவழைத்துக் கொடுத்து, நான் சொன்னதையெல்லாம் நம்பினீர்கள். அந்த நம்பிக்கையைத் தாங்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

நீங்கள் டாக்டர். கம்ப்யூட்டர் விவகாரம் அவ்வளவாகப் புரியாது என்று நீங்களே சொன்னீர்கள். எனவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், கஷ்டமான விஷயம் ஒன்றுமில்லை.

மலை ஊர்களில் நாம் முகாம் நடத்துகிறோம். கர்ப்பிணிகளின் எடை, ரத்த அழுத்தம், ரத்த அளவு எல்லாம் அன்றைக்கே கம்ப்யூட்டரில் ஏறிவிடும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஆறு மணிக்கு, அந்த விவரங்களிலிருந்து ஊர்வாரியாக ஒரு பட்டியல் தானாகத் தயாராகி, ஊர் நர்ஸ்களின் போனுக்குப் போகும். அந்த வாரம் யார் வீட்டுக்கெல்லாம் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அதில் இருக்கும். ஆபத்தில் இருப்பவர்கள் மேலே சிவப்பில் இருப்பார்கள். முகாமில் டாக்டர் பார்த்துவிட்டு, "இனி வாராவாரம் நர்ஸ் உங்க வீட்டுக்கே வருவாங்க" என்று சொல்லி அனுப்புவார். பஸ் வசதி இல்லாத ஊர்களுக்கு அதுதான் ஏற்பாடு. அந்தப் பட்டியலை உருவாக்கியது நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

காலை ஆறு மணிக்கு ஆபீசில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் விவரங்கள் இருக்கும் இடமோ, யார் வந்தாலும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். ஆளில்லாத நேரத்தில் பட்டியல் ஓட வேண்டும் என்றால், யாரோ ஒருவருடைய பெயரையும் பாஸ்வேர்டையும் முன்கூட்டியே உள்ளே சேமித்து வைக்க வேண்டும். கர்ப்பிணிகள் பட்டியல், தடுப்பூசிப் பட்டியல், காசநோய் மாத்திரைப் பட்டியல் என்று மொத்தம் ஐந்து ரிப்போர்ட். ஐந்துக்கும் தனித்தனியாக வைக்காமல் ஒரே பொது இணைப்பு வைத்தேன். பாஸ்வேர்டு மாறினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். எவரைக் கேட்டாலும் அதுதான் சரி என்று சொல்வார்கள்.

அந்த இணைப்புக்கு எந்த மனிதருக்கும் சொந்தமில்லாத, படிக்க மட்டுமே உரிமையுள்ள தனிக் கணக்கு ஒன்று இருக்க வேண்டும். அதுவே முறை. ஆனால் நம் மருத்துவமனையில் பணியாளர் எண் இல்லாமல் கணக்குக் கொடுப்பதில்லை. ஆளில்லாத கணக்கு வேண்டுமானால் இயக்குநருக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை என்று உங்களிடம் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் அந்தக் கடிதத்தை நான் கொடுக்கவே இல்லை. என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சின்னக் காரியத்துக்குப் போய் நின்று கையெழுத்துக் கேட்பது எனக்குப் பிடிக்காது.

என் சொந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம். ஆனால் என் கணக்குக்கு எதையும் மாற்றவும் அழிக்கவும் உரிமை உண்டு. அப்படிப்பட்டதைப் பொது இணைப்பில் வைப்பது மடத்தனம். அதனால் ஷீனாவின் கணக்கைப் போட்டேன். ஊர் நர்ஸ்களுக்கு அவள்தான் பொறுப்பு. ஊர்ப்பணி விவரங்களைத் தவிர வேறு எதையும் அவளால் தொட முடியாது. 2022 மார்ச்சில் ஒருநாள், அவள் கிளியூர் முகாமுக்குப் போயிருந்தாள். அவள் மேசையிலேயே உட்கார்ந்து, போன் போட்டுப் பாஸ்வேர்டு கேட்டேன். எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். "எழுதிக்கங்க சார்" என்றாள். எங்கள் ஆபீசில் எல்லாருடைய பாஸ்வேர்டும் எனக்குத் தெரியும். மறந்துபோனால் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. அவள் மேசையில் அவள் பெயரில் நுழைந்து செய்ததால், இணைப்பை உருவாக்கியவர் ஷீனா என்றுதான் சர்வரின் பதிவில் இருக்கிறது. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இன்னும் ஒன்று செய்தேன். மழைக்காலத்தில் இந்த மலையில் கரண்டும் நெட்டும் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? புதிய பட்டியல் தயாராகாவிட்டால் நர்ஸ்கள் வெறுங்கையோடு நிற்பார்கள். ஆகவே புதியது வராதபோது, கடைசியாக வந்ததையே திரும்ப அனுப்பும்படி வைத்தேன். ஒரு வாரம் பழைய பட்டியலோடு போனால் குடி முழுகிவிடாது என்று கணக்குப் போட்டேன். தலைப்பில் அனுப்பிய தேதி மட்டும்தான் வரும். எந்தத் தேதி விவரம் என்பது வராது. பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நான்தான் அதை எடுத்தேன்.

இவ்வளவுதான் ஏற்பாடு. இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

போன மே மாதம், கோடை விழாக் கூட்டமெல்லாம் இறங்கிப் போன பிறகு, இயக்குநர் டாக்டர் பிரபாகர் ஒரு கூட்டம் போட்டார். யார் யாருக்கு என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்தபோது நான் வாயைத் திறப்பதற்குள் ஷீனா முந்திக்கொண்டாள். "திங்கக்கிழமை லிஸ்ட் நொம்ப உதவியா இருக்குதுங்க டாக்டர். சார் ஒண்ணுமே பண்ண வேண்டியதில்லைங்க, தானா வந்துருதுங்க" என்றாள். என்னைப் புகழ்ந்துதான் சொன்னாள். முகமெல்லாம் சிரிப்பு. பிரபாகர் என்னைப் பார்த்து, "தானா நடக்குதுன்னா அப்பறம் அதுக்குத் தனியா ஒரு ஆள் எதுக்குங்க?" என்று கேட்டார். மூன்றாம் நாள், ஜூலை பாதியிலிருந்து என்னை வெளிநோயாளிகள் பிரிவில் டோக்கன் கொடுக்கும் இடத்துக்கு மாற்றப் போவதாகத் தெரிந்தது. ரிப்பேர் வந்தால் சேலத்திலிருந்து ஆள் வருவானாம். ஐம்பத்து நான்கு வயதில் டோக்கன் கொடுப்பதில் அவமானம் எதுவுமில்லை என்று என் வீட்டில் சொன்னேன்.

ஜூன் ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை, ஷீனா வேலையை விட்டாள். ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் நல்ல இடம் கிடைத்திருந்தது. மூன்று மணிக்கு ஜெபம், பிறகு கேக்கும் மிக்சரும் காப்பியும். நம் விதிப்படி, ஒருவர் விலகினால் அன்றைக்கே அவர் கணக்கை மூட வேண்டும். நான்கு மணிக்கு மூடினேன். விதியைத்தான் செய்தேன் என்று உங்களிடம் சொன்னேன். விதியைத்தான் செய்தேன்.

மூடினால் திங்கட்கிழமை என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். சேமித்து வைத்த பெயரைச் சர்வர் ஏற்காது. புதிய பட்டியல் வராது, ஜூன் மூன்றாம் தேதிப் பட்டியலே புதுத் தேதியோடு போகும். அதைக் கவனித்துவிட்டு எல்லாரும் ஓடி வருவார்கள், நான் போய்ச் சரிசெய்வேன், தானாக ஓடுவதில்லை என்று பிரபாகருக்குப் புரியும். இரண்டு வாரம் கூட ஆகாது என்று நினைத்தேன். யாருக்கும் கெடுதல் செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஆனால் யாரும் ஓடி வரவில்லை. பத்தாம் தேதி பட்டியல் போயிற்று. பதினேழாம் தேதியும் போயிற்று. என்னை நம்பி, நான் அனுப்பிய பெயர்களைப் பார்க்க நர்ஸ்கள் மழையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதுவே எனக்குக் கொஞ்சம் கோபமாக இருந்தது. இவ்வளவு நாள் உழைத்துக் கொடுத்ததை ஒருவராவது கண் திறந்து பார்க்கிறார்களா என்று நினைத்தேன்.

இடையில், பன்னிரண்டாம் தேதி, மாரமங்கலத்தில் முகாம் நடந்தது. சின்னன் என்கிற விவசாயியின் மனைவி கவிதா வந்தாள். வயது இருபத்து மூன்று, தலைப்பிரசவம், எட்டாம் மாதம். ரத்த அழுத்தம் நூற்றைம்பதுக்கு நூறு. கால் வீக்கம். எல்லாம் கம்ப்யூட்டரில் சரியாகவே ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டு, வாராவாரம் நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்று வழக்கம்போல் சொல்லி அனுப்பினார். பதினேழாம் தேதிப் பட்டியலில் அவள் பெயர்தான் முதலில் சிவப்பில் வந்திருக்க வேண்டும்.

மாரமங்கலத்துக்கு மரியா நர்ஸ். எனக்கும் அவருக்கும் ஒரே கோயில், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். இருபத்து நான்காம் தேதி போன் செய்தார். "ஏனுங்கண்ணா, மூணு வாரமா அதே பேருங்களே வருதுங்களே. ரெண்டு பேருக்குப் பிரசவமே ஆயிருச்சுங்க, அவங்க பேருகூட இன்னும் இருக்குதுங்க" என்றார். நான் இதற்காகத்தானே காத்திருந்தேன். அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம், ஐந்து நிமிட வேலை. ஆனால் கேட்டது மரியா. பிரபாகர் கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. ஆஸ்பத்திரியில் பிரசவ விவரத்தைத் தாமதமாக ஏற்றியிருப்பார்கள், பட்டியல் சரிதான் என்று சொன்னேன். "சரிங்கண்ணா, நீங்க சொன்னாச் சரியா இருக்கும்" என்று வைத்துவிட்டார்.

விசாரணையில் மரியா இதைச் சொன்னார். அவர் என்ன கேட்டார் என்று என்னிடம் கேட்டீர்கள், போன் சரியாகக் கேட்கவில்லை என்றேன். அது பொய். நன்றாகக் கேட்டது.

மறுவாரம், ஜூலை முதல் தேதி, மரியா மறுபடியும் கூப்பிட்டார். இதை அவர் உங்களிடம் சொல்லவில்லை. தன் மேல் பழி வரும் என்ற பயமாக இருக்கலாம். அல்லது, நான் சொன்னதைக் கேட்டு நடந்ததில் அவருக்கு வெட்கமாக இருக்கலாம். அன்று அவர் கேட்டது வேறு. "முகாம்ல கவிதான்னு ஒரு புள்ள வந்துச்சுங்கண்ணா. காலெல்லாம் நல்லா வீங்கிக் கெடந்துச்சு. அவ பேரு லிஸ்ட்லயே வரலீங்களே. ஊடு மேட்டுக்கு மேல இருக்குதுங்க, போய்ட்டு வர அரை நாள் ஆவும். போய்ப் பாக்கோணுங்களா?"

அம்மா, நான் அப்போது என் கம்ப்யூட்டரின் முன்னால்தான் இருந்தேன். கவிதாவின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். நூற்றைம்பதுக்கு நூறு என்று என் கண்ணால் பார்த்தேன். நான் டாக்டர் இல்லை, ஆனால் எந்த எண்ணுக்குச் சிவப்பு வர வேண்டும் என்று எழுதி வைத்தது நான்தான். இப்போது போகச் சொன்னால் ஏன் பட்டியலில் இல்லை என்ற கேள்வி வரும். மூன்று வாரம் தெரிந்தே இருந்தேன் என்பது தெரிந்துவிடும். முதல் தடவை கேட்டபோதே சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை. இப்போது சொன்னால் மாட்டிக்கொள்வேன். அதனால் மரியாவிடம், "டாக்டர் பார்த்துட்டு வேண்டாம்னு எடுத்திருப்பாங்க. லிஸ்ட்ல இல்லைன்னா போக வேண்டியதில்லைம்மா" என்றேன். அவர் போகவில்லை.

ஐந்தாம் தேதி காலை கவிதாவுக்கு வலிப்பு வந்தது. ஷேர் ஜீப்பில் ஏற்றினார்கள். வழியில் சில்வர் ஓக் மரம் ஒன்று சாய்ந்து கிடந்ததில் முக்கால் மணி நேரம் போயிற்று. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள், பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. தாய் மாலை நான்கு இருபதுக்கு இறந்தாள். நான் அப்போது பிரிண்டருக்கு மை மாற்றிக்கொண்டிருந்தேன். வார்டிலிருந்து சத்தம் கேட்டது. யார் என்று விசாரித்தேன். பெயர் சொன்னார்கள். கையில் ஒட்டியிருந்த மையைக் கழுவ வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் சனிக்கிழமை காலை, வழக்கம்போல் எல்லாக் கம்ப்யூட்டரையும் துடைத்துவிட்டு, பொது இணைப்பைத் திறந்து ஷீனாவின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டேன். ஐந்து பட்டியலும் ஓடின. மற்ற நான்கிலும் நான்கு வாரமாகப் பழையதுதான் போயிருந்தது. தடுப்பூசியிலும் காசநோயிலும் அதனால் யாரும் சாகவில்லை, எனக்குத் தெரிந்த வரையில்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். கவிதா இறந்ததை அதுவரை யாரும் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மரியாவின் போனுக்குப் போன பட்டியலில் முதல் பெயராக, சிவப்பில், கவிதா வந்தாள். அவளைப் புதைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மரியா பஸ் பிடித்து நேராக ஆபீசுக்கே வந்துவிட்டார். போனை என் முகத்துக்கு நேராகக் காட்டினார். "இப்ப வருதுங்களேண்ணா" என்றார். அவர் அழுதபோது நானும் அழுதேன். உண்மையாகவே அழுதேன்.

அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. பழைய பட்டியல் ஏன் போயிற்று என்று பிரபாகர் கேட்டார். சர்வரின் பதிவைத் திறந்து காட்டினேன். ஷீனாவின் பெயர் மறுக்கப்பட்டது என்று நான்கு திங்கட்கிழமையும் வரிசையாக இருந்தது. இணைப்பை உருவாக்கியவர் ஷீனா. சரிசெய்தவர் ஞானசுந்தரம், அதாவது நான், ஜூலை ஆறு, காலை எட்டு ஐம்பது. பட்டியல் தன் பெயரில் ஓடுவதை யாரிடமும் சொல்லாமலே ஷீனா போய்விட்டாள் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். பிரபாகர் என் தோளில் கை வைத்தார். "நல்லவேளை நீங்க இருந்தீங்க சார். இல்லைன்னா இன்னும் எத்தனை உசுரு போயிருக்குமோ" என்றார். டோக்கன் கொடுக்கும் இடத்துக்கு மாற்றம் அன்றோடு ரத்தாகியது. கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பாளர் என்று ஒரு பலகைகூட அடிக்கச் சொன்னார். என் வீட்டில் பாயசம் வைத்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சாப்பிட்டேன்.

உங்கள் குழு வந்தது. பதிவில் இருப்பதை வாசிக்கச் சொன்னீர்கள். வாசித்தேன். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. ஷீனாவை ஈரோட்டிலிருந்து வரவழைத்தீர்கள். அவள் என்னைப் பார்த்ததும் நிம்மதியானாள், அதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். "அந்த இணைப்பை நான் உருவாக்கலீங்கம்மா. சார்தான் போன்ல பாஸ்வேர்டு கேட்டாங்க. சாரையே கேளுங்க" என்றாள். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "எனக்கு அப்படி ஞாபகம் இல்லைங்கம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். பொய் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறாள் என்று குழுவில் ஒருவர் குறித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. ஈரோட்டில் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அப்பா பாக்கியநாதன் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அவர் இப்போது கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆராதனை முடியும் முன்பே எழுந்து போய்விடுகிறார்.

இதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அறிக்கை தயாராகியிருக்கும். ஆனால் போன வெள்ளிக்கிழமை சின்னன் வந்தார்.

குழந்தைக்கு ஆறாம் வாரத் தடுப்பூசி. அவரே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஊசி போட்ட பிறகு என் அறை வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரைக் காட்டிக் கேட்டார்.

"ஏனுங்க சார், எம் பொண்டாட்டி பேரு இந்தக் கம்ப்யூட்டர்ல இருந்துச்சுங்களா?"

இருந்தது என்றேன்.

"நர்சம்மா வருவாங்கன்னு ஒவ்வொரு செவ்வாக்கெழமையும் காட்டுக்குப் போகாம ஊட்லயே இருந்தாளுங்க. நாங்கூட ஏசுனனுங்க, யாரும் வரமாட்டாங்க, வேலையப் பாருன்னு. டாக்டர் சொல்லிருக்காரு, வருவாங்கன்னு அவ சொன்னா. பேரு இருந்துச்சுன்னா ஏனுங்க யாரும் வரல?"

ஷீனா என்ற நர்சின் கணக்கில் கோளாறு என்று சொன்னேன். நீங்கள் என்னிடம் கேட்டபோது சொன்ன அதே வார்த்தைகள், பழகியிருந்ததால் தடங்கல் இல்லாமல் வந்தன. அவர் தலையை ஆட்டினார்.

"அந்தப் புள்ளயும் வேணும்னு பண்ணிருக்காதுங்க. அதுக்கும் எதாச்சும் ஒண்ணு ஆயிருக்கும். நாங் கேஸ் வேண்டாம்னு சொல்லிப் போடலாம்னு இருக்கனுங்க சார். நீங்க என்ன சொல்றீங்க?"

என்னிடம் யோசனை கேட்டார், அம்மா. அவருடைய மனைவி சாவதற்கு நான்கு நாள் முன்பு அவள் விவரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடியவனிடம் கேட்டார். குழுவின் முடிவு வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்கப் போகவில்லை.

எனவே இனி மிச்சம் வைக்காமல் சொல்கிறேன். விதிக்காக நான் கணக்கை மூடவில்லை. நான் மூடாமல் விட்ட கணக்குகள் இன்றும் ஒன்பது இருக்கின்றன, சரிபார்த்துக்கொள்ளலாம். ஷீனாவின் கணக்கை மட்டும் அன்றைக்கே மூடினேன். "சார் ஒண்ணுமே பண்ண வேண்டியதில்லை" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. நான் மறந்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. வழியனுப்பு நாளில் கேக் தட்டோடு என் மேசைக்கு வந்தவள் அவள். "சார், அந்த லிஸ்ட்டுக்கு என் பாஸ்வேர்டுதானுங்களே போட்டிருக்கீங்க? மூடறதுக்கு முன்ன வேற மாத்திருங்க சார். இல்லைன்னா பாவம், மரியாக்கா அலைவாங்க" என்றாள். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் கண்ணு" என்றேன். கேக்கை வாங்கிச் சாப்பிட்டேன். அரை மணி நேரத்தில் கணக்கை மூடினேன்.

ஷீனாவின் மேல் ஒரு குற்றமும் இல்லை. மரியாவின் மேலும் இல்லை. கவிதா சாவாள் என்று தெரிந்துதான் ஜூலை முதல் தேதி அப்படிச் சொன்னேனா என்று கேட்டால், சாகக்கூடும் என்று தெரியும். அவளைக் கொன்றது நான். இதைச் சின்னனிடமும் பாக்கியநாதனிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள், அவர்கள் முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. எழுதி முடித்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசாகிறது. இனி என்னிடம் ஒளிவு மறைவு இல்லை.

ஒரு சின்ன வேலை விஷயம் மட்டும் பாக்கி. பொது இணைப்பில் இப்போது இருப்பது என் பெயர். இதைப் படித்ததும் என்னை வேலையை விட்டு எடுப்பீர்கள், விதிப்படி அன்றைக்கே என் கணக்கை மூடுவீர்கள். மூடினால் திங்கட்கிழமை மறுபடியும் பழைய பட்டியல்தான் போகும். இந்த வாரம் மஞ்சக்குட்டையில் இரண்டு பேரும் மாரமங்கலத்தில் ஒருவரும் சிவப்பில் இருக்கிறார்கள். அதை எங்கே, எப்படி மாற்ற வேண்டும் என்று இதிலேயே எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சேலத்து ஆள் கையில் கொடுத்தால் எதையாவது கெடுத்துவிடுவான், அந்தப் பெண்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பத்து நிமிட வேலைதான். வீட்டில்தான் இருப்பேன், டாக்டர் பிரபாகரை ஒரு போன் செய்யச் சொல்லுங்கள், வருகிறேன்.